ஓரெழுத்துப் பிழையும் ஒரு நோயும்



கடன் பத்திரத்தில் 'ஆறு' என்னும் சொல் 'நூறு' ஆகிவிட்டால் என்ன நேரும் என்பதைக் கைநாட்டு வைத்த நம் பாட்டன்மார் நன்கு அறிந்திருந்தனர். மாறியது ஓரெழுத்து, அடிமையானது ஒரு குடும்பம். மனித உடலிலும் அத்தகைய ஓரெழுத்துப் பிழை உண்டு. அதனால் விளைவதே அரிவாள் செல் நோய். மரபணுவியலின் அரிச்சுவடியை இந்நோயைக் கொண்டே கற்கலாம்.

நம் உயிரணுக்களில் பெரும்பாலானவற்றில் 46 குரோமோசோம்கள் உள்ளன. 23 தாய் தந்தவை. 23 தந்தை தந்தவை. அவற்றுள் சுருண்டிருக்கும் டி.என்.ஏ. இழையில், உடலை ஆக்கும் ஆணைகள் ஏ, டி, ஜி, சி என்னும் நான்கே எழுத்துகளால் எழுதப்பட்டுள்ளன. ஒரு புரதத்தை ஆக்கும் ஆணைப் பகுதியை மரபணு என்கிறோம். மும்மூன்று எழுத்துகளாக அது படிக்கப்பட, அமினோ அமிலங்கள் ஒவ்வொன்றாகக் கோக்கப்படுகின்றன.

குருதிக்குச் செந்நிறம் தருவது ஹீமோகுளோபின். அதன் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள். ஆறாவது இடத்துக்குரிய ஆணை 'ஜி-ஏ-ஜி' என்பது 'ஜி-டி-ஜி' ஆகிவிட்டால், குளூட்டாமிக் அமிலம் இருக்கவேண்டிய இடத்தில் வாலின் அமர்ந்துவிடுகிறது. பிழை இவ்வளவே! ஆயினும் உயிர்வளியை இழந்ததும் அந்த ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரிகின்றன. வட்டமான சிவப்பணு, நம் வீட்டுக் கூரையில் செருகிய கதிர் அரிவாள்போல் வளைகிறது. வளைந்த அணுக்கள் நுண்குழாய்களை அடைக்க, எலும்பிலும் மார்பிலும் தாங்கொணா வலி எழுகிறது. 120 நாள் வாழவேண்டிய அணு 10 முதல் 20 நாளில் மடிவதால் சோகையும் சேர்கிறது. 1910இல் சிகாகோவில் ஹெரிக் என்னும் மருத்துவர் எழுதிவைத்த இந்த வளைவின் காரணத்தை, 1957இல் இங்கிலாந்தில் இங்கிராம் அந்த ஓர் அமினோ அமிலம் வரை கண்டு காட்டினார்.

இளைஞர்களே, இனிக் கூறுவதைக் கூர்ந்து கேளுங்கள். பிழையுள்ள மரபணு இருவரிடமிருந்தும் வந்தால்தான் இந்த நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால், அவர் பிழையைச் சுமப்பவர், நோயாளி அல்லர். பெற்றோர் இருவரும் சுமப்போராயின், ஒவ்வொரு கருவுக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. முதல் குழந்தைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பும் என்பது தவறான கணக்கு. ஒவ்வொரு முறையும் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. "மருமகள் கொண்டுவந்த நோய்" என்று பழிப்போர், அவள் கணவனின் பங்கைக் கணக்கில் சேர்க்க மறந்தவர்கள்.

இப்பிழை நிலைத்ததற்கும் காரணம் உண்டு. சுமப்போரைக் கொடிய மலேரியா எளிதில் கொல்வதில்லை என்பதை 1954இல் ஆலிசன் ஆப்பிரிக்காவில் காட்டினார். நம் நாட்டில் 1952இல் லேமனும் கட்புஷும் நீலகிரிப் பழங்குடியினரிடம் இதனைக் கண்டனர். விதர்ப்பத்தில் பட்டியல் சாதி மக்களிடமும் இது உண்டு. மலேரியாவும் மரபுவழியும் விட்ட தடமே இது. முன்வினையும் அன்று, பிறப்பின் தாழ்வும் அன்று.

ஆனால் அறிவியல் தவறானவர் கையில் என்னாகும்? 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க மாநிலங்கள் பல, கறுப்பின மக்களைக் கட்டாயச் சோதனைக்கு உட்படுத்தின. சுமப்போரையும் நோயாளியையும் சில சட்டங்களே குழப்பின. வேலையும் காப்பீடும் மறுக்கப்பட்டன. விமானப்படைக் கல்விக்கழகம் 1981 வரை சுமப்போரைச் சேர்க்கவே இல்லை. நலமாயிருந்தவர்களுக்கு முத்திரை குத்தினர். இது நமக்குப் பழகிய கதையன்றோ?

இந்திய அரசு 2023இல் தொடங்கிய ஒழிப்பு இயக்கத்தில் சோதனை செய்து அட்டை வழங்குகின்றனர். சோதனைக்கு அஞ்சாதீர்கள். ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை பலருக்கு வலியைக் குறைக்கிறது. மரபணுவையே திருத்தும் சிகிச்சைக்கு 2023இல் இங்கிலாந்தும் அமெரிக்காவும் ஒப்புதல் அளித்தன. அமெரிக்காவில் குறித்த விலையோ 22 லட்சம் டாலர்! ஏழைக்கு இன்றும் சோதனையும் மாத்திரையுமே கைக்கு எட்டுவன. திருமணப் பேச்சில் அட்டையைப் பார்ப்பதாயின் இருவர் அட்டையையும் பாருங்கள். பெண்ணின் அட்டையை மட்டும் கேட்பவருக்கு, நான் முன்பு சொன்ன கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.