உள்ளாட்சி அலுவலகமும் நம் இளைஞரும்



நம் கல்விச் சங்கம் தோன்றிய நாளில் பள்ளிக்கூடத்தின் வாயிலில் நுழைவதே நம் கவலையாயிருந்தது. இன்று பட்டம் பெற்றோர் நம்மிடையே பலர் உளர். அவர்களை அலுவலகம் எவ்வாறு ஏற்கிறது என்பதே இவ்வெள்ளி விழாவில் நாம் ஆராய வேண்டுவது. மேச்சேரியில் வாழும் நமக்கு மிக அருகிலுள்ள அரசு பேரூராட்சி அலுவலகமும் ஊராட்சி ஒன்றிய அலுவலகமுமே ஆதலின், அவற்றைப் பற்றியே பேசுகிறோம்.

பதவி வேறு, இருக்கை வேறு. அண்ணல் அம்பேத்கர் கொலம்பியாவிலும் இலண்டனிலும் பயின்று வந்து 1917இல் பரோடா சமஸ்தானப் பணியில் அமர்ந்தார். ஏவலர்கள் கோப்புகளைக் கையில் தாராது அவர் மேசைமேல் எறிந்தனர். அலுவலகத்தில் அவருக்குக் குடிநீரும் கிடைக்கவில்லை. அத்துணைப் படிப்பும் ஒரு குவளைத் தண்ணீரைப் பெற்றுத் தரவில்லை!

சென்னைச் சட்டசபையில் ஆர். வீரையன் 1924இல் கொண்டுவந்த தீர்மானத்தின் பயனாய், பொதுச் சாலை, கிணறு, குளம் இவற்றோடு பொது அலுவலகங்களும் நமக்குத் திறந்தவையென அரசு ஆணையிட்டது. 1937இல் ஜெ. சிவசண்முகமும், 1945இல் என். சிவராஜும் சென்னை மேயராயினர். 2022இல் ஆர். பிரியா அப்பதவியேற்றார். மாநகரத்தின் கதை இது.

சிற்றூரின் கதையோ வேறு. 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டப்படி 1996இல் தேர்தல் வந்தபோது, மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களில் தாழ்த்தப்பட்டோர் தலைவராவதைப் பத்தாண்டுகள் தடுத்தனர். 2006இல்தான் அத்தடை நீங்கிற்று. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தோரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டனர்.

கொலையை நாடறியும். நாற்காலி மறுக்கப்படுவதை யார் அறிவார்? கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பெண் தலைவர் ஒருவர் கூட்டத்தில் தரையில் அமர்த்தப்பட்டது, 2020இல் ஒரு நிழற்படம் வெளியானமையால் தெரியவந்தது. படம் எடுக்கப்படாத கூட்டங்கள் எத்தனையோ! அவ்வாண்டே திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலைவர் கொடியேற்றத் தடுக்கப்பட்டார்; பின்னர் மாவட்ட ஆட்சியர் முன்னின்று அவரையே ஏற்றச் செய்தார். தலைவர்கள் தடையின்றிக் கொடியேற்ற வழிசெய்யுமாறு 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் எழுதவேண்டியதாயிற்று.

இவற்றினும் நுட்பமானதொரு தடையுண்டு. ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரோடு துணைத் தலைவரும் கையொப்பமிட வேண்டும் என்பது சட்டத்தின் ஏற்பாடு. துணைத் தலைவர் மனம் வைக்காவிடில் தெருவிளக்கும் எரியாது, குழாயும் பழுது நீங்காது. ‘தலைவருக்குத் திறமை போதாது’ என்று ஊர் பேசும். சட்டப்பிரிவுகளை அறியாத தலைவர் அப்பழியைச் சுமந்தே பதவிக்காலத்தைக் கழிப்பார்.

இனி அலுவலகத்தின் பின்கட்டைப் பார்ப்போம். எழுதுகோல் பிடிக்கும் இருக்கைகளில் பல சாதியாரும் உளர். துடைப்பம் பிடிப்போர் மட்டும் பெரும்பாலும் நம்மவரே, அவருள்ளும் அருந்ததியரே மிகுதி. 2020இல் ‘துப்புரவுப் பணியாளர்’ என்ற பெயர் ‘தூய்மைப் பணியாளர்’ என மாறிற்று. பெயர் மாறியது நன்றே; கையுறையும், கை கழுவ நீரும், உணவருந்த ஓரிடமும் வந்தனவா? இன்று அவ்வேலை பல இடங்களில் ஒப்பந்தக்காரரிடம் சென்றுவிட்டது. ஒப்பந்த வேலையில் பதவி உயர்வு ஏது? தந்தையின் மறைவுக்குப் பின் கருணை அடிப்படையில் வேலை கோரும் பட்டதாரி, தந்தையின் துடைப்பத்தையே கேட்டு வாங்கலாகாது. தம் கல்வித் தகுதியைக் காட்டி எழுத்தர் பணி கோரி விண்ணப்பித்தல் வேண்டும்.

அருந்ததியருக்கு 2009இல் தமிழகம் வழங்கிய மூன்று விழுக்காடு உள் ஒதுக்கீட்டை 2024இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. நம்முள் பின்தங்கியோர் முன்னே வருதலைக் கண்டு முகஞ்சுளிப்போர், அலுவலகத்தில் சமத்துவம் கேட்க எவ்வாறு வாய் திறப்பர்? உள்ளாட்சிப் பதவிகளில் பாதி இன்று பெண்களுக்குரியது. பெண் உறுப்பினரை வீட்டில் இருத்தி, கணவர் கூட்டத்திற்குச் செல்லும் வழக்கமும் இவ்வகைத்தே.

அலுவலகத்தில் அமரும் இளைஞர்க்கு ஒன்று கூறுவோம். மனு எழுதத் தெரியாது வாசலில் நிற்கும் முதியவர் எச்சாதியினராயினும், அவரை அழைத்து அமரச் செய்யுங்கள். கூட்டத்தில் உங்கள் கருத்து நடவடிக்கைக் குறிப்பேட்டில் பதிவாகும்வரை எழாதீர்கள். வாசித்துப் பார்த்தபின் கையொப்பமிடுங்கள். அவமதிப்பு நேரின் நாளும் நேரமும் குறித்து, அன்றே எழுத்தில் முறையிடுங்கள்.

நம் சங்கத்தின் மாலை வகுப்பில், தேர்வாணையத்தின் தொகுதி நான்கு தேர்வுக்கான பாடங்களோடு ஊராட்சிகள் சட்டத்தையும் தமிழில் வாசிக்கலாமெனக் கருதுகிறோம். பணியிலுள்ளோர் வாரம் ஒரு மாலை வந்து, தம் அலுவலகத்தில் கோப்பு நகரும் வழியை இளையோர்க்கு விளக்கியுதவ வேண்டுகிறோம். தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகளை முதல் வரிசையில் அமர்த்துவோம்.