ஔவையும் கூனியும்



சில வாரங்களுக்கு முன் ஓரிரவு இலண்டனிலிருந்து எனது கைத்தொலைபேசிக்கு ஒரு குரற்பதிவு வந்தது. பேசியவர் முன்னர் என்னிடம் தமிழ் கற்ற மாணவி. இன்று ஒரு பிள்ளையின் தாய்.

"சேர், மகளுக்குப் பன்னிரண்டு வயது. அஞ்சு வயதிலயிருந்து பரதம் பழகிறாள். ஒரு நிகழ்ச்சியில அவளின்ர ஆட்டத்தைப் பாத்திட்டு ஒருவர் வந்து கதைச்சவர். தான் ஏஜென்ட் எண்டும், ரீவி, விளம்பரம், படம் எல்லாத்துக்கும் பிள்ளையைச் சேர்த்து விடுவன் எண்டும் சொல்லுறார். பதிவுக்கும் படம் எடுக்கவும் அறுநூறு பவுண் முதல்ல கட்டவேணுமாம். இவர் இரவு வேலை செய்து சேர்த்த காசு கொஞ்சம் இருக்கு. கட்டலாமோ சேர்?"

தமிழ் ஆசிரியனாகிய எனக்கு இலண்டன் கலையுலக முகவர்களைப் பற்றி என்ன தெரியும்? 'ஏஜென்சி' என்ற சொல்லே நம்மவர் காதில் வேறுவிதமாக ஒலிப்பது. காணி உறுதியை ஈடு வைத்து ஏஜென்சிக்காரனுக்குக் காசு கட்டிவிட்டு, பிள்ளை எந்த நாட்டில் நிற்கிறான் என்று தெரியாமல் வாசலைப் பார்த்திருந்த தாய்மார் நம் ஊர்களில் எத்தனை பேர்! ஆயினும் மாணவி கேட்ட கேள்விக்கு விடை சொல்லாதிருத்தல் ஆசிரியனுக்கு அழகன்று. நான் படிப்பிக்கும் நூல்களுக்குள்ளேயே அந்த விடையைத் தேடினேன்.

சங்க இலக்கியத்தில் ஆடல் மகளுக்கு விறலி என்று பெயர். புறநானூற்றின் 103 ஆம் பாடலில் ஒரு விறலியைக் காண்கிறோம். காவடிபோல ஒருபுறம் ஒரு வாத்தியமும் மறுபுறம் ஒரு வாத்தியமும் தொங்கச் சுமந்து வந்தவள், கவிழ்ந்து கிடக்கும் தன் உண்கலத்தை நிமிர்த்தி நிரப்புவார் யார் என ஏங்கி வழியில் அமர்ந்திருக்கிறாள். ஔவையார் அவளிடம், அதியமான் தொலைவில் உள்ளவன் அல்லன், வறுமைக் காலத்திலும் காப்பவன், அவனிடம் போ என்கிறார். ஔவை அவளிடம் கேட்டது எதுவுமில்லை. தான் பெற்ற பயனை மற்றவளும் பெறட்டும் என்பதே நோக்கம். பரிசில் பெற்றவர் பெறாதவருக்கு வழிகாட்டுவதே ஆற்றுப்படையின் இலக்கணம் எனத் தொல்காப்பியமும் கூறும்.

வழிகாட்டுதல் என்பது ஊரின் பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவதன்று. கூத்தராற்றுப்படை என வழங்கும் மலைபடுகடாத்தைப் படித்தவர்கள் இதனை அறிவர். 583 அடிகள் கொண்ட அந்நூலில், நன்னனிடம் செல்லும் கூத்தருக்கு வழியின் இடர்கள் ஒவ்வொன்றாக எடுத்துரைக்கப்படுகின்றன. பன்றிக்கு வைத்த கற்பொறி எங்கே, பாம்பு உறையும் குழி எங்கே, பாசி படர்ந்து கால் வழுக்கும் இடம் எது, தினைப்புனங் காவலரின் கவண்கல் எத்திசையிலிருந்து வரும் என்பனவெல்லாம் அதில் உண்டு. அரசனின் கொடையைச் சொல்வதோடு அவனிடம் போகும் பாதையின் ஆபத்தையும் மறைக்காமற் சொல்பவனே அந்நூலின் வழிகாட்டி.

நேயர்களே, இதே இலக்கியப் பரப்பில் மற்றொரு காட்சியும் உண்டு. அது சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் வருவது. மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் முன் அரங்கேறுகிறாள். தலைக்கோற் பட்டமும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் பெறும் மாலையும் கிடைக்கின்றன. அரங்கின் அளவு முதல் ஆடலாசிரியன், இசையாசிரியன், குழலோன், யாழாசிரியன் ஈறாக அனைவரின் தகுதியையும் விரித்துரைக்கும் இளங்கோவடிகள், அவ்வளவையும் சொல்லி முடித்தபின் அந்த மாலையை ஒரு கூனியின் கையில் கொடுத்து, நகரத்துச் செல்வ இளைஞர் உலவும் தெருவில் நிறுத்துகிறார். மாலையை வாங்குபவன் மாதவிக்கு உரியவன் ஆவான். கோவலன் வாங்கினான்.

வகுப்பில் இப்பகுதியைப் படிப்பிக்கும்போது ஆடற்கலை நுணுக்கங்களை விளக்குவோம். பரீட்சைக்கு வரும் என்று அடிக்கோடிடச் சொல்வோம். மாதவிக்கு வயது பன்னிரண்டு என்பதில் நாம் நின்று யோசிப்பதில்லை. அவள் பட்ட துயரை மணிமேகலையிலே காணலாம். இந்திர விழாவில் ஆட வருமாறு சித்திராபதி வசந்தமாலையைத் தூது அனுப்பியபோது, தன் மகளை அந்த வாழ்வுக்கு விடேன் என மறுத்தவள் அந்த மாதவியே.

கூனியின் வேலை நம் நாட்டோடும் பண்டைக் காலத்தோடும் முடிந்ததன்று. 1921 இல் சார்ளி சப்ளினோடு 'த கிட்' படத்தில் நடித்து உலகப் புகழ் பெற்ற சிறுவன் ஜக்கி கூகன். வயது வந்தபின் தன் உழைப்பைக் கேட்டபோது, தாயும் மாற்றுத் தந்தையும் பெரும்பகுதியைச் செலவழித்துவிட்டதை அறிந்தான். 1938 இல் வழக்குத் தொடுத்தும் மீண்டது சிறுபங்கே. அதன் விளைவாக 1939 இல் கலிபோர்னியாவில் அவன் பெயரால் ஒரு சட்டம் பிறந்தது. குழந்தைக் கலைஞரின் வருமானத்தில் நூற்றுக்குப் பதினைந்து வீதம் பிள்ளையின் பெயரிலேயே வைப்பிலிட வேண்டும் என்பது இன்று அங்குள்ள விதி. பெற்றோரிடமிருந்தும் பிள்ளையைக் காக்கச் சட்டம் தேவைப்பட்டது என்பதைக் கவனியுங்கள்.

இவ்வளவையும் யோசித்துக்கொண்டிருந்தபோது என் நெஞ்சில் ஒரு முள் தைத்தது. அதனைச் சொல்லாமல் இந்த உரையை முடித்தால் நான் நேர்மையற்றவனாவேன்.

இருபத்துமூன்று ஆண்டுகளுக்கு முன் எனது முதல் நியமனம் ஒரு கலவன் பாடசாலையில். தமிழ் மன்றப் பொறுப்பாசிரியர் நானே. பதினான்கு வயதில் அழகாக ஆடும் மாணவி ஒருத்தி இருந்தாள். அதிகாரி வந்தால் வரவேற்பு நடனம், கட்டடத் திறப்பு விழா என்றால் வரவேற்பு நடனம். வெயிலில் சலங்கையோடு இரண்டு மணித்தியாலம் காத்து நிற்பாள். பாடவேளைகள் தவறின. மன்றத்துக்குப் பாராட்டு வந்தது, எனக்கும் வந்தது. "உனக்கு விருப்பமா?" என்று ஒரு நாளும் நான் அவளிடம் கேட்டதில்லை. சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தவறியது. அத்தோடு ஆட்டத்தையும் விட்டுவிட்டாள். அந்த மாலையைத் தெருவில் பிடித்து நின்ற கை என்னுடையது.

இலண்டனிலிருந்து பேசியவர் அவரே.

மறுநாள் அவருக்கு நான் அனுப்பிய பதிலின் சுருக்கம் இது:

"பிள்ளை, முதலில் மகளிடம் கேள். மேடை வேண்டும் என்று அவள் சொன்னால் மட்டும் முகவரைத் தேடு. இக்காலத்து முகவரும் உண்டு உடுத்து வாழவேண்டியவர்; ஔவையைப் போல இலவசமாக வழிகாட்டு என்று அவரிடம் கேட்க முடியாது. ஆனால் நல்ல முகவர், பிள்ளை உழைத்த பின் அந்த உழைப்பில் நூற்றுக்குப் பத்து, பதினைந்து, இருபது என்று தன் பங்கை எடுப்பவர். உழைக்குமுன் காசு கேட்பவரிடம் பொறுத்து நில். அவரால் வழிகாட்டப்பட்ட பிள்ளைகள் எங்கே ஆடுகிறார்கள் என்று கேட்டு, அந்தத் தாய்மாரோடு கதை. உங்கள் நாட்டில் பாடசாலைப் பிள்ளை பணத்துக்கு ஆடுவதென்றால், பெரும்பாலும் உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். பெற்றோர் இல்லாத இடத்தில் அங்கீகாரம் பெற்ற பொறுப்பாளர் உடனிருக்க வேண்டும். இவற்றை அவராகவே உனக்குச் சொன்னாரா? வழியின் குழிகளைச் சொல்லாதவன் வழிகாட்டி அல்லன். ஒப்பந்தத்தை வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் கையெழுத்து வையாதே. உன் விடயத்தில் நான் கேட்காத கேள்வியை நீ உன் மகளிடம் கேள். என்னை மன்னித்துக்கொள்."

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் வந்தது. காசு கட்டவில்லையாம். வேறு பிள்ளைகளின் விபரம் கேட்டதும் அந்த மனிதர் தொலைபேசி எடுப்பதை நிறுத்திவிட்டாராம். மகள் ஆடத்தான் வேண்டும் என்கிறாளாம். ஆனால் விளம்பரத்தில் அல்ல, தன் குருவின் குழுவோடு. அந்தக் குருவிடமே இனி வழி கேட்கப் போகிறார்களாம். மன்னிப்பைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நானும் அதை மீண்டும் கேட்கவில்லை.

பதிவின் கடைசியில் ஒரு சிறுமியின் குரல், ஆங்கிலம் கலந்த தமிழில்: "தாத்தா, அந்த விறலி அதியமானிட்டப் போய்ச் சேர்ந்தவளோ?"

எனக்கு நாற்பத்தேழு வயது. முதன்முறையாக ஒரு பிள்ளை என்னைத் தாத்தா என்றது. அவள் கேட்ட கேள்விக்குப் பாட்டில் விடை இல்லை. விறலி இன்னமும் வழியில்தான் இருக்கிறாள். ஔவை வழி சொல்லிக்கொண்டிருக்கிறார். எழுந்து நடப்பது விறலியின் விருப்பம் என்று அந்தப் பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறேன்.