காகிதத்தில் ஒரு கைப்பை

அலங்காரக் காகிதக் கைப்பை ஒன்றைச் செய்ய 12 அங்குலச் சதுரத்தில் ஒரே ஒரு கெட்டித்தாள் போதும். பையின் உடல், இரண்டு பக்கச் சுவர்கள், கைப்பிடிப் பட்டைகள் எல்லாம் அதிலேயே அடங்கிவிடும். கிரிகட், சில்லவுட் போன்ற மேசை மேல் வைக்கும் வெட்டும் இயந்திரங்களின் பசை விரிப்பும் அதே அளவுதான். தாளின் கனம் 200 ஜி.எஸ்.எம். அளவில் இருந்தால் நல்லது. அதைவிட மெலிந்தால் பை நிற்காது, மிகத் தடித்தால் மடிப்பு வெடிக்கும்.

இயந்திரம் வேலை செய்யும் விதம் எளிமையானது, ஆனால் அழகானது. தாளை விரிப்போடு உருளைகள் முன்னும் பின்னும் நகர்த்தும். கத்தி இடமும் வலமும் ஓடும். இந்த இரண்டு அசைவும் சேர்ந்தால் எந்த வளைவும் கைகூடும். கத்தியின் முனை அதன் சுழல் அச்சுக்கு நேர்கீழே இருப்பதில்லை, ஒரு மயிரிழை தள்ளி இருக்கும். அதனால் இழுக்கப்படும் திசைக்கேற்பத் தானே திரும்பிக்கொள்ளும்.

அளவுகள் இவை. உடல் 14 செ.மீ. அகலம், 28 செ.மீ. நீளம் கொண்ட ஒரே பட்டை. அதில் முன்புறம் 8, அடிப்பாகம் 3, பின்புறம் 8, மேற்பாகம் 3, முன்னால் கவிழும் மூடி 6 செ.மீ. பக்கச் சுவர் ஒவ்வொன்றும் 3 செ.மீ. அகலம், 8 செ.மீ. உயரம்; இருபுறமும் கீழேயும் ஒட்டுவதற்கு ஒரு செ.மீ. விளிம்பு விட வேண்டும். கைப்பிடிக்கு ஒன்றரை செ.மீ. அகலத்தில் இரண்டு நீளப் பட்டைகள்.

இனி வருவதுதான் பையின் உயிர்நாடி: காகிதத்தின் இழையோட்டம். ஆலையில் மரக்கூழ் ஓடும் வலையின் மேல் விழும்போது, நார்களில் பெரும்பாலானவை வலை ஓடும் திசையிலேயே படுத்துவிடுகின்றன. அந்தத் திசைக்கு இணையாக மடித்தால் தாள் வழுக்கினாற்போல் மடியும். குறுக்கே மடித்தால் நார்கள் முறிந்து வண்ணப்பரப்பு வெடித்து வெள்ளை தெரியும். அருகில் செய்தித்தாள் இருக்கும் நேயர்கள் இப்போதே சோதித்துப் பார்க்கலாம். பெரிய அளவு நாளிதழை மேலிருந்து கீழாகக் கிழித்தால் கிழிசல் நேராக இறங்கும். இடமிருந்து வலமாகக் கிழித்தால் கோணல்மாணலாகப் போகும். கெட்டித்தாளுக்கு இன்னும் எளிய வழி உண்டு. அதை இரு திசைகளிலும் மெல்ல வளைத்தால் எந்தப் பக்கம் குறைவாக முரண்டு பிடிக்கிறதோ, அந்த வளைவின் முதுகுக்கு இணையாகத்தான் இழை ஓடுகிறது.

கைப்பையின் உடலில் உள்ள நான்கு மடிப்புகளும் 14 செ.மீ. அகலத்தின் குறுக்கே ஒன்றுக்கொன்று இணையாக வருபவை. எனவே விரிப்பில் தாளை ஒட்டும்போதே இழை அந்த அகலத்தின் திசையில் ஓடுமாறு வைக்க வேண்டும். கைப்பிடி அழகாக வளைவதற்கும் இதுவே உதவும். ஆனால் நீளவாட்டில் இழுவிசையைத் தாங்கும் வலு குறையும் என்பதால்தான் இரண்டு பட்டைகளை ஒன்றாக ஒட்டுவது. தாளை வாங்கும்போது நிறத்தைப் பார்ப்பவர்கள் பலர். இழையைப் பார்ப்பவர்கள் சிலரே. பயிற்சி வகுப்புகளில் அச்சு அசலாக ஒரே படத்தை வெட்டியும் ஒருவர் பை கூர்மையாகவும் அடுத்தவர் பை சுருக்கத்தோடும் நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

மடிப்புக்கோட்டைக் கத்தியால் போடுவதில்லை. மழுங்கிய முனையுள்ள கோடிடும் ஊசியால் அழுத்திப் போடுவார்கள். அச்சகத்தில் கிரீசிங் என்று சொல்லும் அதே வேலை. அழகான பக்கம் மேலே இருக்க, கோடு விழுந்த பள்ளம் பையின் வெளிப்புறத்திலும், பின்னால் எழும் மேடு உட்புறத்திலும் வருமாறு மடிப்பதே முறை. பக்கச் சுவரின் நடுக்கோடு மட்டும் உள்நோக்கி மடியும்.

மூடியில் பூவோ மாங்காயோ துளைவேலையாக வரும் என்றால், துளைகளுக்கு இடையே குறைந்தது 2 மி.மீ. தாள் நிற்க வேண்டும். வளையத்தின் நடுப்பகுதியைப் பாலம்போல் ஏதேனும் ஒன்று பிடித்திருக்காவிட்டால் அது கழன்று விழுந்துவிடும். வரிசையும் முக்கியம்: முதலில் மடிப்புக்கோடு, பிறகு சிறு துளைகள், கடைசியாக வெளிவிளிம்பு. விளிம்பை முதலில் வெட்டினால் தாள் அசைந்து பூ சிதையும். மூலையில் ஒரு சிறு சதுரத்தை வெட்டிப் பார்த்துவிட்டு முழுவேலையைத் தொடங்குவது நல்லது.

வெட்டி முடிந்ததும் விரிப்பிலிருந்து தாளைப் பிய்க்கக் கூடாது. விரிப்பைக் கவிழ்த்து, தாளை மேசையோடு அழுத்திக்கொண்டு, விரிப்பையே வளைத்து உரிக்க வேண்டும். இல்லாவிட்டால் தாள் சுருண்டுவிடும்.

துளைகளுக்குப் பின்னால் வேறு நிறத் தாளை ஒட்டிய பிறகே பையைச் சேர்க்க வேண்டும். ஃபெவிகால் போன்ற தண்ணீர்ப் பசையை மெல்லிசாகத் தடவினால் போதும். ஈரம் மிஞ்சினால் நார்கள் உப்பித் தாள் நெளியும். அகலப் பரப்புகளுக்கு டபுள் சைடு டேப்பே சிறந்தது. பக்கச் சுவர்களை முதலில் அடிப்பாகத்தோடும் பிறகு முன்புறம், பின்புறத்தோடும் ஒட்டிக் கிளிப் மாட்டிக் காயவிட வேண்டும். கைப்பிடியின் முனைகளை மேற்பாகத்தில் வெட்டிய பிளவுகளில் நுழைத்து உட்புறம் ஒட்டலாம். மூடியை நிறுத்த ஒரு வெல்க்ரோப் பொட்டு போதும். தோடு, சாக்லேட், அன்பளிப்பு நோட்டு போன்ற கனமில்லாத பொருள்களை இந்தப் பை தாங்கும்.