அவளிடம் யார் கேட்டார்கள்?



மாற்கு நற்செய்தி 10ஆம் அதிகாரத்தில் பர்த்திமேயு என்னும் பார்வையற்றவரைச் சந்திக்கிறோம். எரிகோவை விட்டு இயேசு புறப்படும்போது வழியோரத்திலிருந்து அவர் கூவி அழைக்கிறார். கூட்டம் அவரைப் பேசாமல் இருக்கும்படி அதட்டுகிறது. இயேசு நின்று, அவரை அழைத்துவரச் சொல்கிறார். பிறகு, தாம் அவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார். பார்வையற்றவருக்கு என்ன வேண்டும் என்பது ஆண்டவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் கேட்டார். குணம் பெறுவதற்கு முன்பே அந்த மனிதருக்குத் தன் வாயால் சொல்லும் உரிமை கிடைத்துவிட்டது.

இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு இன்று கடினமான ஒரு காரியத்தைச் சிந்திப்போம். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் உதவி செய்ய நம்மிடம் சட்டம் இருக்கிறது, அலுவலகம் இருக்கிறது, திட்டமும் நிதியும் இருக்கின்றன. ஆனால் அந்த உதவி எப்படி அமைய வேண்டும் என்று அவர்களிடம் யார் கேட்கிறார்கள்?

நம் மாவட்டத்துப் பொள்ளாச்சியை நாம் மறக்க முடியாது. 2019 பிப்ரவரியில் ஒரு கல்லூரி மாணவி துணிந்து புகார் கொடுத்தார். பாதிக்கப்பட்டவரின் பெயரை வெளியிடக் கூடாது என்பது நாட்டின் சட்டம். ஆனாலும் காவல்துறை உயரதிகாரி செய்தியாளர்களிடம் அந்த மாணவியின் பெயரைச் சொன்னார். வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாற்றுவதற்காக வெளியிடப்பட்ட அரசாணையிலும் அவர் பெயர், கல்லூரி, அண்ணன் பெயர் எல்லாம் அச்சாகி வந்தன. அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. யோசித்துப் பாருங்கள். அந்த அரசாணை அவருக்கு நீதி கிடைக்க வேண்டும் என்று போடப்பட்டது. அதுவே அவரை ஊர் நடுவில் நிறுத்தியது. இதைப் பார்த்துவிட்டு, புகார் கொடுக்க நினைத்த வேறு எத்தனை பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்!

ஆயினும் சிலர் வாய் திறந்தார்கள். 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும் வரை ஆயுள் தண்டனை விதித்தது. பாதிக்கப்பட்ட எட்டுப் பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. அந்தப் பெண்களின் துணிவுக்காக நாம் இறைவனுக்கு நன்றி சொல்வோம். ஆனால் தீர்ப்பு வந்த மறுநாள் காலையும் அவர்கள் எழுந்திருக்க வேண்டும், வேலைக்குப் போக வேண்டும், உறவினர் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்தக் காலைகளுக்கு என்ன துணை வேண்டும் என்பது தீர்ப்பின் தாளில் இருக்காது. அதை அவர்களே சொல்ல வேண்டும்.

அன்பார்ந்தவர்களே, விவிலியத்தில் இதே துயரத்தைச் சுமந்த ஒரு பெண் உண்டு. சாமுவேல் இரண்டாம் நூலின் 13ஆம் அதிகாரத்தில் வரும் தாமார், தாவீது அரசரின் மகள். அம்னோன் அவளைக் கெடுத்தபின் வெளியே தள்ளுகிறான். அவள் சாம்பலைத் தலையில் போட்டுக்கொண்டு, உரக்க அழுதுகொண்டே போகிறாள். அண்ணன் அப்சலோம் அவளைப் பேசாமல் இருக்கச் சொல்கிறான். தன் வீட்டில் தங்க இடம் கொடுக்கிறான். தாவீதுக்குக் கடுங்கோபம் வருகிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து அப்சலோம் அம்னோனைக் கொல்விக்கிறான்.

அடைக்கலம் கிடைத்தது. கோபப்பட ஒரு தந்தை இருந்தார். பழிவாங்க ஓர் அண்ணன் இருந்தான். ஆனால், "தாமார், உனக்கு என்ன வேண்டும்?" என்று அந்த அரண்மனையில் ஒருவரும் கேட்டதாக இல்லை. அந்த அழுகைக்குப் பிறகு அவள் பேசிய ஒரு சொல்லைக்கூட அந்த அதிகாரத்தில் காண முடியவில்லை.

நம் காலத்து ஏற்பாடுகளும் இந்த அரண்மனையைப் போல ஆகிவிடக் கூடாது. மாவட்டந்தோறும் ஒருங்கிணைந்த சேவை மையம் அமைக்கும் திட்டம் 2015இல் தொடங்கியது. மருத்துவம், காவல்துறை உதவி, சட்ட உதவி, மனநல ஆலோசனை, சில நாள் தங்குமிடம் ஆகியவை ஒரே கூரையின் கீழ் கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என உதவி எண்கள் உண்டு. இவை நல்லவை, நம் பங்கில் ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டியவை.

ஆனால் வால்பாறைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு தாய், 40 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி அந்த மையத்துக்கு வர ஒரு நாள் கூலியை விட வேண்டும். திருப்பூர்ப் பக்கம் மில் விடுதியில் தங்கி இரவுப் பணி பார்க்கும் பெண்ணுக்கு எந்த நேரம் ஒத்துவரும்? வீதியில் காவல்துறை ஜீப் வந்து நின்றால் அக்கம்பக்கத்தார் என்ன கேட்பார்கள்? இதெல்லாம் மேசையில் அமர்ந்து திட்டம் எழுதுகிறவருக்கு எளிதில் தோன்றாது. பட்டவருக்குத் தெரியும். திட்டம் வகுக்கும் கூட்டத்தில் காவல்துறை, மருத்துவம், சட்டம் எல்லாவற்றின் குரலும் கேட்கிறது. இந்தத் துன்பத்தைக் கடந்து வந்த ஒருவரின் குரல் அங்கே கேட்கிறதா?

இது முடியாத காரியமும் அல்ல. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டம், குழந்தையின் வாக்குமூலத்தை வீட்டிலோ அந்தக் குழந்தை விரும்பும் இடத்திலோ பதிவு செய்யச் சொல்கிறது. அந்த நேரத்தில் காவலர் சீருடையில் இருக்கக் கூடாது என்கிறது. சின்னக் குழந்தையின் விருப்பத்தையும் கேள் என்று சட்டமே சொல்லிவிட்டது.

தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியையும் நினைத்துப் பாருங்கள். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடி வந்த அரசு ஊழியர்களால் 18 பழங்குடிப் பெண்கள் சீரழிக்கப்பட்டார்கள். 2011இல் 215 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதி வேல்முருகன் அவர்கள், 2023 மார்ச்சில் தாமே அந்த ஊருக்குப் போனார். இடத்தைப் பார்த்தார், மக்களிடம் பேசினார். அந்த ஆண்டு செப்டம்பரில் தண்டனையை உறுதி செய்தபோது, அந்தப் பெண்களுக்குப் பணத்தோடு வேலைக்கோ சுயதொழிலுக்கோ வழி செய்யவும் உத்தரவிட்டார். நீதிமன்றம் ஊர் தேடிப் போக 31 ஆண்டுகள் ஆயின. அவ்வளவு காலம் நம் பெண்கள் காத்திருக்க வேண்டுமா?

அரசைப் பற்றி மட்டும் பேசிவிட்டு நாம் ஒதுங்க முடியாது. சிறுவரைப் பாதுகாக்கத் திருத்தந்தை பிரான்சிஸ் 2014இல் ஓர் ஆணையத்தை ஏற்படுத்தினார். சிறுவயதில் அருள்பணியாளர் ஒருவரால் பாதிக்கப்பட்ட அயர்லாந்தின் மரி காலின்ஸ் அதில் உறுப்பினரானார். 2017இல் அவர் விலகினார். பாதிக்கப்பட்டவர்கள் எழுதும் கடிதங்களுக்குப் பதில் எழுதவும் வத்திக்கான் அலுவலகம் ஒன்று தயங்கியதை அவர் ஒரு காரணமாகச் சொன்னார். நாற்காலி கொடுத்துவிட்டுக் காது கொடுக்காவிட்டால் பயன் இல்லை என்பதை நம் திருச்சபையும் கற்க வேண்டியிருக்கிறது.

கேட்பது என்றால் அந்தப் பெண்ணை மேடையில் ஏற்றுவது என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் நம்பும் ஒருவர் வழியாகத் தனியே கேட்கலாம், எழுதியும் வாங்கலாம். பேருந்துக் கட்டணமும் அன்றைய கூலியும் கொடுக்க வேண்டும். போதும் என்றால் அங்கேயே நிறுத்த வேண்டும். அவர் சொன்னதால் என்ன மாறியது என்று திரும்பி வந்து சொல்ல வேண்டும். கிராம சபையிலோ ஆட்சியரிடமோ மனுக் கொடுக்கும்போது, யாருடைய பெயரையும் இழுக்காமல், "பாதிக்கப்பட்டவர்களின் கருத்தை எப்படிக் கேட்கிறீர்கள்?" என்று நாம் கேட்கலாம். அது நம் உரிமை.

நம் கொங்கு நாட்டுப் பந்தியில் பரிமாறுகிறவர்கூட, "இன்னுங் கொஞ்சம் வைக்கட்டுங்களா?" என்று கேட்டுத்தானே இலையில் வைக்கிறார்? சோற்றுக்குக் கேட்கிற நாம், உடைந்துபோன ஒரு மகளிடம் கேட்காமல் அவள் வாழ்க்கையை ஏற்பாடு செய்யலாமா? நம் வீட்டுப் பிள்ளை ஒருநாள் நடுங்கிக்கொண்டு வந்து நின்றால், "வெளியே சொல்லாதே கண்ணு" என்று அப்சலோமைப் போலச் சொல்ல வேண்டாம். "நான் நம்பறேன் கண்ணு. உனக்கு என்ன செய்யோணும், சொல்லு" என்போம். பிறகு பொறுமையாகக் காத்திருப்போம்.

செபிப்போம். எரிகோ சாலையில் நின்று கேட்ட ஆண்டவரே, காயப்பட்டவர்களின் குரலுக்கு முன்னால் எங்கள் கால்கள் நிற்கவும், எங்கள் வாய் அடங்கவும், எங்கள் செவிகள் திறக்கவும் அருள்தாரும். அதிகாரத்தில் இருப்போருக்குக் கேட்கும் தாழ்மையைத் தாரும். ஆமென்.