தேயும் தட்டும் தேயாத பாட்டும்



கவிதைக்கெனக் கூடிய அவையில் இசைத்தட்டுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஏட்டில் உறங்கும் பாடல் படிப்பவர் நாவில் விழிக்கிறது. தட்டில் உறங்கும் பாட்டு, முள் தொட்டவுடன் விழிக்கிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. படிக்கப் படிக்கக் கவிதை தேய்வதில்லை. இசைத்தட்டோ ஒலிக்குந்தோறும் சிறிதளவு தேய்கிறது. தேய்ந்துவிடும் என்று அஞ்சிப் பூட்டி வைத்தால் அது வெறும் கறுப்பு வட்டு. தேய்ந்தாலும் தேயட்டும் என்று சுழலவிட்டால் அது இசை. இந்த இரண்டுக்கும் இடையில் நின்று இன்பம் காண்பவரே இசைத்தட்டுச் சேகரிப்பாளர்.

அவருடைய அலமாரியில் மூத்த தட்டுகள் அரக்கால் ஆனவை. மரக்கிளைகளில் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினோடு கல்தூளும் கரியும் கலந்து செய்யப்பட்டவை. பாண்டவரை எரிக்க எழுப்பிய மாளிகைக்குப் பயன்பட்டதாகப் பாரதம் சொல்லும் அதே அரக்குதான், பின்னாளில் பாடகர்களின் குரலைக் காக்கும் மாளிகையாயிற்று.

1902-ஆம் ஆண்டில் பிரெட் கைஸ்பர்க் என்ற ஒலிப்பதிவாளர் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் முதலியோரின் பாடல்களைப் பதிந்தார். அப்பதிவுகள் ஜெர்மனியின் ஹானோவர் நகருக்கு அனுப்பப்பட்டுத் தட்டுகளாக அச்சிடப்பட்டன. கல்கத்தாவில் அச்சிடும் ஆலை 1908-இல்தான் எழுந்தது. மொழியறியாத தொழிலாளர்கள் இன்னார் பாட்டு என அடையாளம் காணும்பொருட்டு, பாடியவர் முடிவில் தம் பெயரை ஆங்கிலத்தில் அறிவிப்பது வழக்கமாயிற்று. கீர்த்தனையின் இறுதியில் புலவர் முத்திரை வைப்பதுபோல் இது பாடகர் வைத்த முத்திரை. தொழில் தேவைக்காக எழுந்த அந்தக் குரல், நூறாண்டுக்குப் பின் கேட்பவருக்குப் பாடகர் நேரில் நின்று பெயர் சொல்வது போன்ற நெருக்கத்தைத் தருகிறது.

பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஒலிக்கும். மேடையில் மணிக்கணக்கில் தோடி இராகத்தை விரித்த நாதசுரச் சக்கரவர்த்தி டி. என். ராஜரத்தினம் பிள்ளையும் இந்தச் சிறு வட்டத்துக்குள் அத்தோடியை அடக்க வேண்டியிருந்தது. இதைக் குறை என்று மட்டும் கொள்ளலாமா? ஈரடிக்குள் உலகை அடக்கிய மொழியினர் அவ்வாறு கொள்ளார். எதைச் சொல்வது என்பதைவிட எதை விடுவது என்பதே அங்குக் கலையாகிறது. அந்த மூன்று நிமிடத்தைக் கூர்ந்து கேட்கும் கவிஞர், சொற்சுருக்கத்தின் இலக்கணத்தை அங்கே கற்கலாம்.

சில குரல்களுக்குத் தட்டே உறைவிடம். நாடக மேடையை ஆண்ட எஸ். ஜி. கிட்டப்பா 1933-இல், தம் இருபத்தேழாம் வயதில் மறைந்தார். தமிழில் பேசும்படம் பிறந்தது 1931-இல். அவர் திரையில் தோன்றவில்லை. அவரது உச்சக் குரலை இன்றுள்ளோர் கேட்பது அவர் விட்டுச் சென்ற தட்டுகளால்தான். வீணை தனம்மாளின் வாசிப்பு மிக மென்மையானது; அருகிருந்தோரும் மூச்சடக்கிக் கேட்க வேண்டியது. அவர் தம் அறுபதுகளில், 1932-இல், வாசித்துப் பதிந்த சில தட்டுகள் உள்ளன. முள்ளின் இரைச்சலுக்கு அடியிலிருந்து அந்த நாதம் மெல்ல எழும்போது, கேட்பவர் காது தானாகவே பணிவு கொள்கிறது.

தட்டு கடலையும் கடந்தது. 1917-இல் மறைந்த கோயம்புத்தூர் தாயியின் இசைத்தட்டைக் கேட்டு மனம் பறிகொடுத்த பிரெஞ்சு இசையமைப்பாளர் மோரிஸ் தெலாழ், ‘ராகமாலிகா’ என்ற பெயரிலேயே பியானோவுக்கு ஒரு படைப்பை இயற்றினார். இந்திய ஒலியின் சாயலைப் பெறுவதற்காகத் தந்தி ஒன்றோடு அட்டைத்துண்டைச் சேர்த்து வாசிக்கச் செய்தார். மேடையில் ஒரு மாலையோடு முடிந்திருக்கக்கூடிய பாட்டு, அரக்கில் பதிந்ததால் அயல்நாட்டில் இன்னொரு படைப்புக்கு வித்தாயிற்று.

1948-இல் அமெரிக்காவில் வினைல் எல்.பி. தட்டு வந்தது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று; ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் இசை. நேரத்தின் தளை தளர்ந்தது. எம். எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் 1963-இல் எல்.பி. தட்டாக வந்து, இடையறாத ஒரே ஓட்டமாக வீடுகளின் விடியலை நிறைத்தது. பத்தே வயதில் முதல் தட்டைப் பதிந்தவர் அவர். தட்டின் இரண்டு காலங்களுக்கும் அவர் குரலே சான்று. தமிழின் இன்னொரு செல்வம் திரைப்படக் கதைவசனத் தட்டுகள். வீரபாண்டிய கட்டபொம்மன், திருவிளையாடல் ஆகியவற்றின் வசனங்கள் திருமணப் பந்தல்களில் ஒலிபெருக்கி வழியே முழங்க, எழுத்தறியாதவரும் செந்தமிழ் வசனத்தை மனப்பாடமாய்ச் சொன்னார்கள்.

இச்செல்வத்தைத் துய்ப்பதற்கும் ஒரு முறை உண்டு. தட்டை விளிம்பில் மட்டும் பிடிக்க வேண்டும். நூல்களைப் போல் நிமிர்த்தி வைக்க வேண்டும். அடுக்கினால் கீழுள்ளது வளையும், விரியும். அரக்குத் தட்டைச் சாராயம் கலந்த திரவத்தால் துடைத்தால் அரக்கே கரைந்துவிடும். அரக்குத் தட்டுக்குரிய அகன்ற முள் வேறு, எல்.பி.க்குரிய நுண்முள் வேறு. மாற்றி வைத்தால் இரண்டும் கெடும். பழந்தட்டுகள் எல்லாம் சரியாக 78 சுற்றில் பதிந்தவை அல்ல. வேகம் பிறழ்ந்தால் சுருதியும் பிறழும். பாடகரின் இயல்பான குரல் எதுவென்று காதால் தேர்ந்தே வேகத்தை அமைக்க வேண்டும். இவ்வளவும் செய்து, பக்கம் முடிந்ததும் எழுந்து சென்று திருப்பிப் போடுபவர் வேறு வேலை பார்த்துக்கொண்டே கேட்க இயலாது. அந்தக் கட்டாயமே அவருக்குக் கிடைத்த வரம்.

அமெரிக்காவில் 1987-க்குப் பின் முதன்முறையாக 2022-இல் குறுந்தட்டுகளைவிட வினைல் தட்டுகள் அதிக எண்ணிக்கையில் விற்றன. புதிய தட்டுகளுக்கு வாழ்வு வந்துவிட்டது. பழைய தமிழ்த் தட்டுகளின் நிலை அதுவன்று. தந்தை உயிராய்க் காத்த தொகுப்பு, அவர் மறைந்தபின் மக்களுக்கு இடத்தை அடைக்கும் சுமை. எடைக்குப் போகும் அந்த மூட்டையில், வேறெங்கும் இல்லாத ஒரு குரல் இருக்கக்கூடும்.

கோட்டையூர் ரோஜா முத்தையா 1992-இல் மறைந்தபோது, அவர் திரட்டிய நூல்களும் இதழ்களும் சிதறியிருக்கலாம். சிகாகோ பல்கலைக்கழகம் அதனை முழுமையாக வாங்கியதால் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக அது நிலைபெற்றது. கிராமபோன் பாட்டுப் புத்தகங்களும் அதனால் பிழைத்தன. ஒவ்வொரு தொகுப்புக்கும் அத்தகைய நற்பேறு வாய்க்கும் என்று இருந்துவிட முடியாது. சேகரிப்பாளர் தம் காலத்திலேயே பட்டியல் எழுத வேண்டும். கணினியில் படியெடுக்க வேண்டும். தமக்குப்பின் யாரிடம் சேரவேண்டும் என்று சொல்லி வைக்க வேண்டும். அனைத்தினும் மேலாக, நால்வரை அழைத்துக் கேட்கச் செய்ய வேண்டும். கேட்டவர் நெஞ்சில் பதிந்த பாட்டுக்கு முள்ளால் தேய்வில்லை.

தனியே பூட்டிய தட்டும், நோட்டுப் புத்தகத்தில் மறைத்த கவிதையும் ஒன்றே. பத்தாண்டுகளாகப் பிறர் செவிக்குக் கவிதையைக் கொண்டு சேர்த்த இவ்வட்டத்துக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அடுத்து வரும் மாலைக் கூட்டங்களில் ஒன்றிலேனும், வாசிக்கப்படும் கவிதைகளுக்கிடையே ஒரு பழைய தட்டும் சுழலட்டும்.