உளுத்த மரத்தில் ஒரு கிண்ணம்



ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வடகிழக்குப் பருவமழை பொழியுங்கால், அண்ணாமலைநகரிலும் சிதம்பரத்தைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் விறகுக்கட்டைகள் நீரில் ஊறிக் கிடக்கும். அவற்றைக் குனிந்து நோக்கினால், மிளகளவும் சுண்டைக்காயளவுமான சிறு கிண்ணங்கள் சில வேளைகளில் தென்படும். இவை யாவும் ஒரே காளான் என்று கருதுவோர் பலர். வடிவத்தால் ஒத்தவை பிறப்பாலும் ஒத்திருக்க வேண்டுவதில்லை. அவற்றைப் பிரித்தறியும் முறையையே இன்று கூற விழைகிறேன்.

முதற்கண் கிண்ணத்தின் உள்ளே பாருங்கள். பருப்புப் போன்ற தட்டையான சிறு மணிகள் கிடப்பின், அது பறவைக்கூட்டுக் காளான். நூலோர் அதனைச் சையாத்தஸ் என்பர். அதன் விதைத்துகள்கள் அம்மணிகளுள் அடங்கியுள்ளன. மழைத்துளி விழும் வேகத்தில் மணிகள் தெறித்து, ஒரு மீட்டர் தொலைவு வரை செல்வதுண்டு. இளங்கிண்ணத்தின் வாயை மெல்லிய மூடியொன்று காத்து நிற்கும்.

மணிகளின்றி உட்புறம் வழவழப்பாக இருப்பின், அது உண்மைக் கிண்ணக் காளானாகலாம். அவ்வுட்பரப்பில் நுண்ணிய பைகள் நெருங்கி நிற்கின்றன. பெரும்பாலும் பைக்கு 8 விதைத்துகள்கள். காற்றுப் பட்டதும் எண்ணற்ற பைகள் ஒருங்கே வெடிக்க, புகைபோல் துகள் எழுவதுமுண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வீழ்ந்த கொம்புகளின்மேல் வளரும் குக்கைனா இவ்வகையைச் சார்ந்தது. காம்பின்மீது அமர்ந்த இளஞ்சிவப்பு அல்லது மஞ்சள் கிண்ணம் அது; அதன் ஓரினத்திற்கு வெளிப்புறத்தே நீண்ட மயிர்கள் உண்டு. எம். சி. குக் (1825–1914) என்னும் ஆங்கிலேயரைப் போற்றி 1891இல் இப்பெயர் இடப்பட்டது. அவர் பள்ளியாசிரியராகப் பணியாற்றியவர் என்பதைச் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

நிறத்தை மட்டும் நம்பிப் பெயரிடாதீர்கள். உலர்ந்தபின் நிறம் மங்கும், கிண்ணமும் சுருங்கும். ஆகவே, ஈரம் புலராமுன்பே நாள், இடம், எம்மரத்தின் கட்டை, அகலம், காம்பு, மயிர் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பள்ளி மாணவர்க்குக் கைக்கண்ணாடி ஒன்று போதும். இனப்பெயரைத் துணிய நுண்ணோக்கி வேண்டும். அது கல்லூரி மாணவர் கடன். எதனையும் வாயிலிட்டுச் சோதித்தல் ஆகாது.

தவறான பெயர்ச்சீட்டு ஒட்டிய மாதிரி, சீட்டே இல்லாத மாதிரியைவிடத் தீங்கு தரும். பின்வரும் மாணவன் அதனை நம்பித் தன் காளானை ஒப்பிடுவான். ஒரு பிழை பல பிழைகளாகப் பெருகும். பெயர் விளங்காதபோது “பெயர் துணியப்படவில்லை” என்றெழுதி, கண்டதை மட்டும் குறித்து வையுங்கள். அக்குறிப்பு என்றேனும் ஒருவருக்கு உதவும்.