இடம் இருக்கும் போட்டியில் இறங்கு!

நடுவர் அவர்களே, கடல் கடந்து வந்தும் பட்டிமன்றத்தைக் கைவிடாத அமெரிக்கத் தமிழ்ச் சொந்தங்களே!

எதிரணித் தோழர் உருகி உருகிப் பேசினார். ‘பிள்ளைக்கு நூறு மீட்டர் ஓட்டம்தான் உயிர், அதை மாற்றச் சொல்ல நாம் யார்?’ என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். ஐயா, உயிர் இருக்கட்டும், கல்லூரித் தடகள அணியில் இடம் இருக்கிறதா? உதவித்தொகை கொடுத்துக் கூட்டிப்போகும் பிள்ளையைப் பற்றியா இங்கே பேச்சு? அழைப்பே இல்லாமல் பயிற்சியாளர் அறைக் கதவைத் தட்டி, ‘நானும் ஓடிக் காட்டுகிறேன்’ என்று நிற்கிற வாக்-ஆன் பிள்ளையைப் பற்றி ஐயா! கல்லூரி விளையாட்டு பற்றிய வழக்கில் 2025-இல் வந்த உடன்பாட்டை ஏற்ற கல்லூரிகளில் தடகள அணிக்கு 45 பேர்தான் உச்சவரம்பு. ஓட்டம், தாண்டுதல், எறிதல் எல்லாம் சேர்த்து 45! கல்யாண வீட்டில் ஒரு பந்தியில் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள், பக்கத்துப் பந்தியில் இலை போட்டுக் காத்திருக்கிறார்கள். நீங்கள் எங்கே போய் உட்காருவீர்கள்?

அந்தப் பந்தி எது? இந்த நாட்டு உயர்நிலைப் பள்ளிகளில் பெரும்பாலும் 300 மீட்டர் தடை ஓட்டம்தான். 400 மீட்டர் தடை ஓட்டம் கல்லூரிக்கு வந்தபிறகுதான். சங்கிலிக்குண்டு எறிதலையும், 28 தடைகளும் 7 நீர்த்தாண்டலும் உள்ள 3000 மீட்டர் ஸ்டீபிள்சேஸையும் பெரும்பாலான பள்ளிகளில் கண்ணாலும் பார்த்திருக்க மாட்டார்கள். உதவித்தொகை வாங்கி வந்தவனுக்கும் அங்கே அரிச்சுவடிதான், நம் பிள்ளைக்கும் அரிச்சுவடிதான்!

எட்வின் மோசஸைச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு நான் இறங்கமாட்டேன். ஒஹாயோ மாநிலம் டேட்டன் ஊர்ப் பிள்ளை. அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் கல்லூரியில் இயற்பியல் படித்தார். கிடைத்த உதவித்தொகை படிப்புக்கு, ஓட்டத்துக்கு அல்ல. கல்லூரிக்குச் சொந்தமாக ஓடுதளம்கூடக் கிடையாது. ஊரில் இருந்த பள்ளி ஓடுதளங்களில் போய்ப் பயிற்சி செய்தார். ஓடியது 110 மீட்டர் தடை ஓட்டமும் 400 மீட்டரும். 1976 மார்ச்சுக்கு முன்பு 400 மீட்டர் தடை ஓட்டத்தில் அவர் இறங்கியது ஒரே ஒரு முறை. அதே ஆண்டு ஜூலையில், மான்ட்ரியல் ஒலிம்பிக்கில், அதே ஓட்டத்தில் தங்கம். அதுவும் உலக சாதனையோடு!

எப்படி? தடைக்கும் தடைக்கும் நடுவே 35 மீட்டர். மற்றவர்கள் பெரும்பாலும் 14, 15 எட்டு வைத்தார்கள். மோசஸின் நெடுங்கால்களுக்கு 13 எட்டு போதும், முதல் தடையிலிருந்து கடைசித் தடை வரைக்கும். 1977 முதல் 1987 வரை தொடர்ந்து 122 பந்தயங்களில் அவரை ஒருவராலும் வெல்ல முடியவில்லை. எதிரணித் தோழரே, நீங்கள் அவருக்குப் பயிற்சியாளராக வாய்த்திருந்தால், ‘தம்பி, பழகினதையே ஓடு’ என்று முதுகில் தட்டி அனுப்பியிருப்பீர்கள். உலகம் 122 வெற்றிகளைப் பார்க்காமலே போயிருக்கும்!

நம் பி.டி. உஷா 1980-இல் மாஸ்கோவில் நூறு மீட்டர் ஓடினார், முதல் சுற்றோடு வெளியே வந்தார். பெண்களுக்கான 400 மீட்டர் தடை ஓட்டம் 1984-இல்தான் ஒலிம்பிக்கிற்குள் வந்தது. அதில் இறங்கினார், ஒரு நொடியின் நூற்றில் ஒரு பங்கில் வெண்கலம் தவறியது. எந்த ஓட்டம் அவரை அந்த இடத்துக்குக் கொண்டுபோனது? எதிரணி சொல்லட்டும்!

ஆசையைக் கொல்கிறோமாம். கேட்டால் ரத்தம் கொதிக்கிறது. அணிகள் மோதும் போட்டியில் பெரும்பாலும் முதல் எட்டு இடங்களுக்குத்தான் புள்ளி. நூறு மீட்டரில் ஒன்பதாவதாக வரும் பிள்ளை அணிக்குக் கொடுப்பது பூஜ்யம். ஸ்டீபிள்சேஸில் எட்டாவதாக வந்தால் அணியின் கணக்கில் அவன் பெயரால் ஒரு புள்ளி ஏறும். நாலு வருடம் சீருடை போடாமல் காலரியில் உட்கார வைப்பதா ஆசையை வாழவைப்பது?

வீட்டில் பிள்ளை இருக்கும் பெற்றோரே, இன்றிரவே உட்காருங்கள். பிடித்த கல்லூரியின் பழைய போட்டி முடிவுகளை எடுத்துப் பாருங்கள். எந்தப் போட்டியில் அந்த அணியின் பெயரே இல்லையோ, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பயிற்சியாளருக்கு எழுதும் கடிதத்தில் முதல் வரியே, ‘இந்தப் போட்டிக்கு உங்களிடம் ஆள் இல்லை, நான் கற்றுக்கொண்டு வருகிறேன்’ என்று இருக்கட்டும்.